பழத்தோட்டத்திற் கோழி

வன்னிக் காட்டுப் பாதைகளில் விடியற் பொழுதிற் பயணஞ் செய்தவர்கள் காட்டுக்கோழியைக் கண்டிருப்பீர்கள். செம்பொன் நிறக் கழுத்தோடு சேவல் பாதையோரத்தில் நிற்கும். வண்டியின் ஓசை கேட்டதும் மரங்களுக்குள் மறைந்துவிடும். அது நின்ற இடத்திற்குச் சென்று பார்த்தால், காய்ந்த சருகு கிளறப்பட்டு, அடியிலிருந்த ஈரமண் மேலே தெரியும். நம் நாட்டின் தேசியப் பறவை அது. ஆயினும் நமது வளவுகளில் வளரும் கோழியின் தலையாய முன்னோர் அது அன்று. தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழியே. தாய்லாந்தில் பான் நொன் வாட் என்னும் இடத்திற் கிடைத்த எலும்புகளே ஐயமின்றி வீட்டுக்கோழிக்குரியனவாகக் கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழையன என்றும், அவை கி.மு. 1650 க்கும் 1250 க்கும் இடைப்பட்ட காலத்தன என்றும் 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. இரண்டு பறவைகளுக்கும் இயல்பு ஒன்றே. மரநிழலில் உலாவுவதும், சருகைக் கிளறி இரைதேடுவதும், இருட்டியதும் கிளையேறி உறங்குவதுமே அவற்றின் வாழ்வு.

ஆகவே, பழமரங்களின் கீழே கோழியை விடுவது புதுமையான செயலன்று. அதன் பழைய வீட்டுக்கு அதனைத் திருப்பி அனுப்புவதேயாகும். வெட்டவெளியிற் கோழி அஞ்சுகின்றது. பருந்தின் நிழல் அதன் இரத்தத்தில் ஊறிய அச்சம். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், திறந்த வெளியோடு கூடிய இறைச்சிக்கோழிப் பண்ணைகளுள் மரங்கள் மிகுந்த இடங்களிலேயே கோழிகள் அதிகமாகக் கூட்டைவிட்டு வெளியே வந்தன என்று கண்டனர். நமது ஊர்ப் பெண்கள் இதனை ஆய்வின்றியே அறிவர். முற்றத்துக் கோழியைத் தேடுபவர் முதலிற் பார்ப்பது மாமரத்தடியையும் வேலியோரத்தையுமல்லவா?

இந்த இயல்பை ஒரு முறையாக வகுத்துச் சொன்னவர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவைச் சேர்ந்த பில் மொலிசன். அவரும் டேவிட் ஹோம்கிரன் என்பவரும் சேர்ந்து எழுதிய முதல் நூல் 1978 இல் வெளிவந்தது. தமது முறைக்கு அவர்கள் இட்ட பெயர் பேர்மாகல்ச்சர். நிலைத்த வேளாண்மை என்று நாம் சொல்லலாம். கோழியை உதாரணமாக எடுத்து மொலிசன் அதனை விளக்குவார். கோழிக்கு என்ன தேவை? நிழல், நீர், தூசிக் குளியல், இரை, துணை. கோழி தருவது என்ன? முட்டை, இறைச்சி, இறகு, எரு. கோழி சும்மா இருக்கும்போது செய்வது என்ன? கிளறுதல், கொத்துதல், பூச்சி பிடித்தல். கோழியின் தேவையை மரம் கொடுக்கும்படியும், மரத்தின் தேவையைக் கோழி கொடுக்கும்படியும் இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துவிட்டால், மனிதன் சுமக்கும் சுமை குறையும் என்பது அவர் கருத்து.

கேட்பதற்கு இனிமையான கருத்து. நானும் அதனைப் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஆனால் அந்த விளக்கத்தில் இருப்பது ஒரு கோழி. நான் வாங்கியதோ 60.

எங்கள் வளவு வலிகாமத்துச் செம்பாட்டு நிலத்தில் 4 பரப்பு. கறுத்தக்கொழும்பானும் அம்பலவியுமாக மாமரம் 5, தேசிமரம் 14, கிணற்றடியில் ஒரு வரிசை வாழை, அங்குமிங்குமாகச் சில மாதுளையும் கொய்யாவும். முட்டையிடும் பருவத்துக்கு வந்த 60 பேடுகளை வாங்கி, கூட்டைத் திறந்து விட்டேன். முதற் கிழமை திருவிழாப் போலிருந்தது. புல்லெல்லாம் குறைந்தது, கறையான் புற்றுகள் காணாமற் போயின, முட்டைக்கும் குறைவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மொலிசனைப் பற்றிச் சொற்பொழிவாற்றினேன்.

ஆறாவது கிழமையில் வளவு வேறு கோலங் கொண்டது. புல் குறைந்தது போய், புல்லே இல்லாமற் போயிற்று. மரத்தடிகளில் நான் பரப்பியிருந்த வாழைச்சருகையும் காவோலையையும் கோழிகள் கிளறி எறிந்துவிட்டன. தேசியின் உணவை உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரந்திருப்பவை. அவை வெயிலிற் காய்ந்தன. அதன்மேல் நாள்தோறும் விழுந்த பச்சை எருவோ சுட்டது. வளர்ந்த கோழியொன்று நாளொன்றுக்கு 100 கிராமுக்குச் சற்று மேலாக எச்சமிடும். 60 கோழிக்கு 6 கிலோவுக்கு மேல். இலைநுனி கருகி, காய் உதிர்ந்து, கூட்டுக்கு அருகில் நின்ற இரண்டு தேசிமரங்கள் பட்டுவிட்டன. பக்கத்து வளவுப் பெரியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, கோழியை நீர் வளக்கிறீரோ, கோழி உம்மை வளக்குதோ?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அந்நாளில் என் மகள் பிள்ளைப்பேற்றுக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்குப் புட்டிப்பாலும் கொடுக்கவேண்டியிருந்தது. பால் கரைப்பதற்குக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தபோது, "அப்பா, கோழிக்கூட்டுக்கும் கிணத்துக்கும் எவ்வளவு தூரம்?" என்று மகள் கேட்டாள். அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

நேயர்களே, யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் செம்மண்ணின் ஊடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்குகின்றது. அதனையே நாம் அள்ளிக் குடிக்கின்றோம். மண் ஆழமில்லாதது, நீரை விரைவில் உள்ளே விடுவது. மேலே இடப்படும் எருவில் மரம் உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாக மாறி, நீரோடு கிணற்றுக்கு வரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. செயற்கை உரமும் மலசலகூடக் குழிகளும் அதற்குப் பெருங் காரணங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளுக்கு இந்த நஞ்சு இரத்தத்திற் பிராணவாயுவைத் தடைசெய்து, உடலை நீலம் பாயச் செய்யும். இதிற் பலர் அறியாத ஒன்றுண்டு. கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கிருமியைக் கொல்லும் நெருப்பு இதனை ஒன்றுஞ் செய்யாது.

குழந்தைக்கு அன்றே வேறிடத்து நீர் கொண்டுவரப்பட்டது. கோழிகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றை அந்தக் கிழமையே விற்றேன். விற்ற பின்னரே கணக்குப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கின்றேன். வாங்குமுன் பார்த்திருக்கவேண்டிய கணக்கு அது.

கணக்கு இதுதான். கட்டற்றுத் திரியும் கோழி என்று முட்டைக்கு முத்திரையிட, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கோழிக்கு 4 சதுர மீற்றர் வெளி போதும். அந்த அளவுப்படி என் 4 பரப்பில் 250 கோழி வளர்க்கலாம்! அது கோழியின் கால் நடமாட்டத்துக்கான அளவு, மண்ணுக்கானதன்று. மண்ணை எண்ணி வகுத்த அளவு அதே நாடுகளின் இயற்கை வேளாண்மை விதிகளில் இருக்கின்றது. ஒரு ஹெக்டயருக்கு ஆண்டொன்றில் 170 கிலோ நைதரசனுக்கு மேல் விலங்கெருவாற் சேரலாகாது. 2008 ஆம் ஆண்டு விதிகளில் அது முட்டைக்கோழி 230 என்று கணக்கிடப்பட்டுள்ளது. நமது அளவையில், ஏக்கருக்கு 16 பரப்பாகப் பிரித்தால், பரப்புக்கு ஏறக்குறைய 6 கோழி. எனது வளவுக்கு 24 க்கு மேல் ஆகாது. நானோ அதனைப்போல் இரண்டரை மடங்கு வைத்திருந்தேன். நமது மண்ணின் தன்மையைப் பார்க்கும்போது 6 என்பதும் உச்ச எல்லையே. 4 அல்லது 5 என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது. 20 கோழியும் ஒரே மரத்தடியை விரும்பினால், அந்த மரத்தடி 60 கோழியின் துன்பத்தை அனுபவிக்கும். ஆதலால் கூட்டைக் கிணற்றடியிலிருந்து பெயர்த்து, வளவின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். கடற்கரையில் வாங்கிய பழைய மீன்வலைகளைக் கதியால்களிற் கட்டி, கிணற்றையும் வாழையையும் புறத்தே விட்டு, மிகுதி நிலத்தை நான்கு துண்டாக்கினேன். கூட்டின் நான்கு பக்கமும் நான்கு கதவு. 10 நாளைக்கு ஒரு கதவு திறக்கும். மற்ற மூன்று துண்டும் ஓய்ந்திருக்கும். ஆக, ஒவ்வொரு துண்டுக்கும் 10 நாள் உழைப்பு, 30 நாள் ஓய்வு. மழைக்குப் பின் ஓய்வுத் துண்டிற் புல் முழங்காலளவுக்கு வந்துவிடுகின்றது. தேசிமரங்களின் அடியைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்குச் சுண்ணாம்புக் கற்களைப் பரப்பி, இடையிற் சருகைத் திணித்தேன். கல்லைக் கோழி கிளறாது. சருகின் ஈரமும் காக்கப்படும்.

இனி, பழ ஈயைப் பற்றிச் சொல்லவேண்டும்; பழத்தோட்டத்திற் கோழியின் மேன்மை அங்கேதான் தெரிகின்றது. முற்றிவரும் மாங்காயின் தோலைத் துளைத்து ஈ முட்டையிடும். புழு உள்ளே சதையைத் தின்று வளரும்; பழம் அழுகி விழும்; புழு வெளியேறி, மண்ணில் ஓரிரு அங்குல ஆழத்திற் புகுந்து கூட்டுப்புழுவாகும். ஏறக்குறைய 10 நாளிற் புதிய ஈ வெளிவரும். அந்த ஓரிரு அங்குலந்தான் கோழியின் கால் நகத்துக்குரிய ஆழம். எந்த மருந்தும் எளிதிற் சென்றடையாத இடத்தைக் கோழி விளையாட்டாகத் தோண்டுகின்றது.

ஆனால் என் 10 நாள், 30 நாள் ஒழுங்கு இங்கே இடறியது. ஓய்வுத் துண்டில் விழுந்த பழத்தின் புழு, கோழி அங்கே வருமுன் ஈயாகிப் பறந்துவிடுமே! இதற்கு வழி சொன்னவர் என் மனைவி. "கோழி பழத்துக்குப் போகாட்டி, பழத்தைக் கோழிக்குக் கொண்டுபோறதுதானே," என்றார். மாம்பழக் காலத்தில் இப்பொழுது விடிந்ததும் கடகத்தை எடுத்துக்கொண்டு விழுந்த பழங்கள் அனைத்தையும் பொறுக்கி, கோழிகள் நிற்கும் துண்டிற் கொட்டுகின்றோம். புழுவும் சதையும் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், கொட்டைதான் மிஞ்சும். பழ ஈ முற்றாக ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அயல் வளவிலிருந்து பறந்து வருவதை என் கோழி தடுக்கமுடியாது. பூங்கொத்தைத் தாக்கும் தத்துப்பூச்சியிடமும் அதன் வீரம் செல்லாது. எனினும் கோழி வருமுன் மரத்தடியில் அழுகிக் கிடந்தவை இன்று முட்டையாகின்றன.

கோழி உலாவும் துண்டில் நிலத்தில் விழுந்த பழத்தை மனிதர் உண்ணலாகாது. பச்சையாக உண்ணும் கீரைவகைகளையும் அங்கே பயிரிடலாகாது. மருந்து தெளிக்கும் தோட்டமாயின், கோழி நினைவையே விட்டுவிடுங்கள்.

தோட்டத்திலே திரிகின்றதே, தீனி எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். ஊர்க்கோழியாயின் அது ஓரளவு பொருந்தும். அது இடுவதும் சொற்பந்தான். ஆண்டுக்கு 300 முட்டை இடும்படி வளர்த்தெடுத்த இனத்துக்கு நாளொன்றுக்கு 110 கிராம் அளவு தீனி வேண்டும். தோட்டம் அதில் ஒரு பகுதியையே தரும். செலவைக் குறைக்கலாமென்று ஒரு மாதம் தீனியை அரைவாசியாக்கினேன். முட்டையும் அப்படியே குறைந்தது. முட்டையோட்டுக்குக் கடற்சிப்பியை இடித்து ஒரு சட்டியில் வைத்துவிடுங்கள். தனக்கு வேண்டியதைக் கோழியே எடுத்துக்கொள்ளும்.

இரவிலே கோழியை மரத்திற் படுக்க விடலாகாது. காட்டுக்கோழியின் வழக்கமென்றாலும், நமது வளவுகளில் மரநாய் அதைவிட நன்றாக மரமேறும். பொழுதுபடுமுன் கூட்டை அடைத்துவிடவேண்டும். தடிகளின் கீழே சருகும் உமியும் தடிப்பாகப் போட்டால், இரவு எச்சம் அதிலேயே ஊறி நாற்றமின்றி நிற்கும். அதனை வாரிக் குவித்து, மூன்று மாதமாவது மக்கவிட்டு, மாரி மழை வெள்ளமாக ஓடும் நாட்களைத் தவிர்த்து, மரங்களுக்கு இடலாம். எந்த மரத்துக்கு எவ்வளவு என்பது அப்பொழுது நம் கையில் இருக்கின்றது. கோழியின் விருப்பில் இல்லை. ராணிக்கேத்து நோய்க்கான தடுப்பு மருந்தைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு, உரிய காலத்திற் கொடுத்துவிடுங்கள். வந்தபின் அதற்கு வைத்தியமில்லை. குடற்புழுவின் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்காக உயிரோடிருக்கும். 30 நாள் ஓய்வு அவற்றைத் தீர்த்துவிடாது. ஆகையால் புழுமருந்தையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று எங்கள் வளவில் 18 கோழிகள் இருக்கின்றன. பட்டுப்போன இரண்டு தேசிகளின் இடத்தில் வேறு கன்று நாட்டியிருக்கின்றோம். மூன்று ஆண்டு ஆகும்வரை அவற்றுக்குத் தனி வேலி. கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறை, மாரி கழிந்தபின், சோதனைக்கு அனுப்புகின்றேன். அண்மையில் அந்தப் பெரியவர் மறுபடியும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இம்முறை, அடைவைக்க ஆறு முட்டை கிடைக்குமோ என்று கேட்டார். அவருடைய வளவு எத்தனை பரப்பு என்று முதலில் விசாரித்தேன்.