முடிந்தது என்று எப்போது சொல்வது?

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் சொந்தமாக வீடியோ கேம் தயாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. பாதி முடிந்ததுமே விற்கலாமா என்று யோசிக்கிறீர்களாம். விற்கலாம். அதற்கு 'எர்லி ஆக்சஸ்' என்று பெயர். ஸ்டீம் என்ற இணையக் கடை 2013 மார்ச்சில் இதற்கென்றே ஒரு பகுதி திறந்தது. அதற்கும் முன்னால், 2009-இல், ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் தமது மைன்கிராஃப்ட்டை வளரும் நிலையிலேயே விற்கத் தொடங்கினார். 1.0 என்ற முழுப் பதிப்பு வந்தது 2011 நவம்பரில். அதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் காசு கொடுத்து வாங்கியாச்சு! சம்பளம் போட முதலாளி இல்லாத சின்னக் குழுவுக்கு இது பெரிய வரம்தான்.

ஆனால் வாங்குகிறவர் பக்கம் நின்றும் பாருங்க. டபுள் ஃபைன் நிறுவனம் 2013 அக்டோபரில் ஸ்பேஸ்பேஸ் டி.எஃப்-9 என்ற விளையாட்டை இப்படி விற்றது. விண்வெளி நிலையம் கட்டி நடத்தும் விளையாட்டு. பின்னால் வரப்போகும் வசதிகள் என்று நீளமாகப் பட்டியல் போட்டார்கள். விற்ற பணம் செலவைத் தாங்கவில்லை. ஒரு வருஷத்தில் 1.0 என்று பெயர் சூட்டி வேலையை நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் பெரும்பகுதி பட்டியலாகவே போச்சு. மேலும் மாறலாம், மாறாமலும் போகலாம் என்று ஸ்டீம் வாங்குபவரை எச்சரிப்பது உண்மைதான். ஆனால் பட்டியலைப் பார்த்துக் காசு கொடுத்தவருக்கு அது சமாதானமாகுமா?

நம் ஊரில் மாடிக்குக் கம்பி நீட்டிவிட்டுக் கீழ்த்தளத்தில் குடிபோவதில்லையா? தப்பே இல்லை. கீழ்த்தளத்துக்குக் கூரை இருக்கணும், அவ்வளவுதான். ஹேடீஸ் 2018 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது அதில் கதையின் முடிவு இல்லை. அது 2020 செப்டம்பரில்தான் வந்தது. ஆனாலும் முதல் நாள் இருந்ததே ஆடுவதற்கு நிறைவாக இருந்தது. செக் நாட்டு ஃபேக்டோரியோ குழுவினரோ, செய்த வேலையை வெள்ளிக்கிழமைதோறும் எழுதி வைத்தார்கள். அவர்களுடைய 1.0 வர 2020 ஆகஸ்ட் ஆயிற்று. வாங்கியவர்களுக்கு நடப்பது தெரிந்திருந்தது.

ஆகவே விற்பதானால், இன்று இருப்பதற்கு மட்டும் விலை வையுங்க. நாளைக்கு வரப்போவதைக் காட்டிக் காசு வாங்காதீங்க.

முடித்துவிட்டே விற்பேன் என்றவரும் உண்டு. எரிக் பரோன் ஸ்டார்டியூ வேலியைத் தனி ஆளாக நாலு வருஷத்துக்கு மேல் உழைத்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். அந்தக் காலத்தில் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலையும் பார்த்தார். அதற்கப்புறமும், 2024-இல்கூட, புதிய பகுதிகளை இலவசமாகச் சேர்த்தார்.

உங்கள் கேமைக் கொண்டுவந்திருந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் காட்டுங்க, ஆடிப் பார்க்கிறேன்.