நூலகப் புத்தகமும் ஜெராக்ஸ் கடையும்



தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளே ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. பெயர் ராமேஸ்வரி. பல்கலைக்கழகமே இடம் கொடுத்து, உரிமம் கொடுத்து, நடத்தச் சொன்ன கடை. அந்தக் கடை மேல் 2012-ஆம் ஆண்டில் ஒரு வழக்கு வந்தது. வழக்குப் போட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற மூன்று பெரிய புத்தக நிறுவனங்கள். மூன்றும் இங்கிலாந்தைச் சேர்ந்தவை. கேட்ட நஷ்ட ஈடு 60 லட்சம் ரூபாய்! பல்கலைக்கழகத்தையும் சேர்த்தே கோர்ட்டுக்கு இழுத்தார்கள்.

கடைக்காரர் அப்படி என்ன செய்துவிட்டார்?

கல்லூரிப் பாடம் ஒரே புத்தகத்தில் இருப்பதில்லை. இதில் இருபது பக்கம், அதில் முப்பது பக்கம் என்று ஆசிரியர் படிக்கச் சொல்வார். ஒவ்வொரு புத்தகமும் நல்ல விலை. இருபது பக்கத்துக்காக முழுப் புத்தகத்தை யார் வாங்க முடியும்? கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைப்பவர் வாங்குவாரா?

நூலகம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஊர் நூலகத்தில் காலையில் ஒரு செய்தித்தாள் வரும். பத்துப் பேர் காத்திருப்பார்கள். ஒருவர் நடுப்பக்கத்தை உருவிக்கொள்வார், இன்னொருவர் கடைசிப் பக்கத்தை. செய்தித்தாளை அப்படிப் பிரிக்கலாம். புத்தகத்தைப் பிரிக்க முடியுமா? ஒரு பிரதியை ஒருவர் எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். பரீட்சை காத்திருக்காது.

அதனால் ஆசிரியர்கள் பட்டியல் கொடுத்தார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் கடைக்காரர் படி எடுத்தார். ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார். பக்கத்துக்குச் சில பைசா கூலி. வழக்கு இந்தக் கட்டுகளைப் பற்றியதுதான்.

புத்தகம் எழுதுவது உழைப்பு. எழுதுகிறவருக்கும் வயிறு உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அச்சடித்து விற்றுச் சம்பாதிப்பது நியாயமில்லை. அதைத் தடுக்க 1957-இல் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. எழுதியவர் வாழும் காலமும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டும் அந்த உரிமை உண்டு.

அதே சட்டம் சில கதவுகளைத் திறந்தும் வைத்திருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. பாடம் சொல்லிக் கொடுக்கும்போது அதற்காக ஆசிரியரும் மாணவரும் படி எடுக்கலாம். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத ஒரு புத்தகத்தை, லாபம் பார்க்காத பொது நூலகம் தன் உபயோகத்துக்காக மூன்று படி வரை எடுத்துக்கொள்ளலாம்.

நிறுவனங்கள் இதை ஒப்பவில்லை. படி எடுப்பது ஆசிரியர் அல்ல, கடைக்காரர்; அவர் காசு வாங்குகிறார்; இது வியாபாரம் என்றார்கள். வழக்கு முடியும் வரை கட்டுகளை விற்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் வாங்கினார்கள்.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்து, தாங்களும் வழக்கில் சேர்ந்தார்கள். 300-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் வழக்கைத் திரும்பப் பெறும்படி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். இதில் ஒரு வேடிக்கை. எந்தப் புத்தகங்களுக்காக வழக்குப் போட்டார்களோ, அவற்றை எழுதியவர்களில் பலரும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாருடைய உழைப்பைக் காப்பதாகச் சொன்னார்களோ, அவர்களே எதிர்ப்பக்கம் நின்றார்கள்.

நான்கு ஆண்டு ஓடியது. 2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா தீர்ப்புச் சொன்னார். வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர் காட்டிய காரணம் எளிமையானது. முன்பெல்லாம் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து, வேண்டிய பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டார்கள். யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. இன்று அதே வேலையை மெஷின் செய்கிறது. கை நோக எழுதினால் சரி, மெஷினில் எடுத்தால் தவறு என்று ஆகுமா?

நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பரில் இரண்டு நீதிபதிகள் விசாரித்தார்கள். பாடத்துக்குத் தேவையான அளவு படி எடுக்கலாம், அதைக் கடைக்காரரைக் கொண்டு எடுத்தாலும் தவறில்லை என்றார்கள். ஆனால் கட்டில் இருந்த பக்கங்கள் எல்லாம் பாடத்துக்குத் தேவையானவைதானா என்று சாட்சி வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்காக வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். கடைக்குத் தடை மட்டும் போடவில்லை.

அந்த விசாரணை நடக்கவே இல்லை. 2017 மார்ச் மாதம் மூன்று நிறுவனங்களும் வழக்கைக் கைவிட்டன. பதிப்புரிமைக் கட்டணம் வசூலிக்கும் ஒரு சங்கம் மட்டும் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு மே மாதம் அந்த மனுவும் தள்ளுபடி ஆனது.

ஒரு நாவலை முழுதாகப் படி எடுத்து, நடைபாதையில் போட்டு விற்பவருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. அது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். வகுப்புக்குக் கொடுத்த இருபது பக்கத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை பயப்பட வேண்டியதில்லை.