சாயவேரும் சொல்வேரும்



செர்மனி நாட்டின் திரெசுடன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சாயங்களுக்கென்றே ஒரு வரலாற்றுத் தொகுப்பு உள்ளது. இயற்கைச் சாயப்பொருள்களோடு, ஆலைகளில் பிறந்த ஆயிரக்கணக்கான செயற்கைச் சாயங்களும் அங்கே காக்கப்படுகின்றன. வேதியியலார்க்குரிய அச்செல்வத்தைப் பற்றித் தமிழ் பயிற்றும் நான் பேசுவானேன் என நீங்கள் வினவலாம். அவ்வரலாற்றில் நம் வரலாறும் கலந்திருப்பதே காரணம்.

1856ஆம் ஆண்டில் இலண்டனில் பதினெட்டு வயது இளைஞரான பெர்க்கின், காய்ச்சல் மருந்தான குயினைனை ஆக்க முயன்று, எதிர்பாராமல் ஊதாச் சாயத்தைக் கண்டார். 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் செர்மானியர் இருவர் அலிசரின் என்ற செஞ்சாயப் பொருளை ஆய்வகத்தில் உருவாக்கினர். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் அகழ்ந்தெடுத்த சாயவேருக்குச் செம்மை தந்ததும் அதே அலிசரின்தான். 1897இல் செயற்கை அவுரி நீலம் பெருமளவில் சந்தைக்கு வந்தது. ஒரு தலைமுறைக்குள் இந்திய அவுரி வாணிகம் சரிந்தது.

தொழில் மறைந்தால் சொல்லின் பொருளும் மங்கும். 'துவர்' என்னும் சொல்லைப் பாருங்கள். அது சுவையையும் குறிக்கும், செந்நிறத்தையும் குறிக்கும். 'துவராடை' என்றால் மாணவர் அகராதியைப் புரட்டுகின்றனர். சுவைக்கும் நிறத்திற்கும் என்ன உறவு? பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்துப் படிகாரம் இட்டால், சாயவேரின் செம்மை அதில் நிலைத்து நிற்கும். துவர்ப்பே செம்மைக்குப் பிடிமானம். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் கூடியதன் நயம் சாயத்தொட்டியின் அருகில் நின்றவர்க்கு எளிதில் விளங்கியிருக்கும் என்பது என் கருத்து.

நம் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் கடுக்காய் மரம் உண்டு. ஆவாரை வறண்ட நிலமெங்கும் பூக்கிறது. நுணாவின் வேரும் சாயம் தருவதே. இவற்றின் பட்டை, வேர், காய், சாயமேற்றிய துணித்துண்டு, ஊர் வழங்கும் பெயர், முதியோர் கூறும் பக்குவம் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்துவைக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை; மாணவரின் கால்களும் காதுகளும் போதும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சுட்டித் தொகுத்துவைத்தார். அவற்றுள் சில இன்று எச்செடியின் மலரென உறுதிசெய்ய இயலாமல் அறிஞர் மயங்குகின்றனர். பெயர் எஞ்சிப் பொருள் தொலைந்த அந்நிலை, துவருக்கும் நுணாவுக்கும் நேராதிருக்கட்டும். பத்தாண்டு நிறைந்த இம்மன்றம் தன் அடுத்த பத்தாண்டின் முதற்பணியாக இதனை மேற்கொள்ள வேண்டுகிறேன்.