மேற்கோளும் உரிமையும்



பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் தொகுத்தபோது எழுந்த சிக்கலையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். மறைந்த கவிஞர் ஒருவரின் ஆறடிக் கவிதையை நம் உறுப்பினர் ஒருவர் கடுமையாகத் திறனாய்ந்திருந்தார். கவிதை முழுவதும் கட்டுரையில் இடம்பெற்றிருந்தது. முறைக்காக உரிமையாளரிடம் இசைவு கேட்டோம். “பாராட்டி எழுதுவதானால் தடையில்லை” என்று விடை வந்தது. கவிதையை நீக்கிவிடலாம் என்றனர் சிலர். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். நீக்கிப் படித்தபோது கட்டுரை சான்றற்ற வசையாக நின்றது.

பதிப்புரிமையை நான் பழிக்கவில்லை. எழுதியவனின் குடும்பத்துக்கு அது சோறிடுவது. பாரதியார் பாடல்களின் உரிமை தனியார் கைகளில் இருந்து, 1949இல் அரசின் வசமானதை அறிவோம். ஆனால் எல்லாக் கவிஞருக்கும் அரசு அவ்வாறு முன்வருமா? உரிமை நிலைத்திருக்கும்போதே பேச வழி வேண்டும்.

அவ்வழி 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் உள்ளது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமையைக் காக்கும் அதே சட்டம், திறனாய்வுக்காகவும் மதிப்புரைக்காகவும் செய்யப்படும் ‘நியாயமான கையாளுகை’ உரிமை மீறல் ஆகாது என்கிறது. எத்தனை அடி நியாயம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. வழக்குரைஞர்களுக்கும் பிழைப்பு வேண்டுமல்லவா!

அண்டை மாநிலத்து வழக்கொன்று இங்கே துணை செய்கிறது. தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ 1952இல் மேடையேறிக் கேரளத்தைக் கலக்கிய நாடகம். பல்லாண்டுகள் கழித்து சிவிக் சந்திரன் அதற்கு எதிர்நாடகம் எழுதினார். போராட்டத்தில் உயிரீந்த எளிய மக்கள் என்ன பயன் கண்டனர் என்பது அவர் கேள்வி. மூல நாடகத்தின் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்தாண்டே அதைக் கேட்டார். பாசியின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். எதிர்நாடகத்துக்குத் தடை கூடாது என 1996இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமர்சனத்தோடு ஒப்பிட எடுத்தது எவ்வளவு, எடுத்த நோக்கம் என்ன, புதியது பழையதற்குப் போட்டியாகுமா என்னும் மூன்றையும் அது எடைபோட்டது. குடும்பத்தார் மனம் புண்பட்டிருக்கும், ஐயமில்லை. அந்த வருத்தத்துக்காக எதிர்நாடகத்தை முடக்கியிருந்தால், அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு தரும் கருத்துரிமை நாடகக்காரருக்கு எதற்கு?

அம்மூன்று கேள்விகளையும் நம் கட்டுரைமேல் வைத்துப் பார்த்தேன். எடுத்தது முழுக் கவிதை என்பது உறுத்தலே. ஆனால் ஆறடியில் பாதியை வெட்டினால் கவிதையும் சிதையும், கவிஞருக்கும் அநீதி. அதைச் சுற்றி ஒன்பது பக்க ஆய்வு இருக்கிறது. கவிஞரின் தொகுப்பை வாங்க எண்ணியவர் இம்மலரை வாங்கி நிறைவடையப் போவதில்லை. இதே கவிதையை ஆய்வின்றி அட்டையில் அழகுக்காக அச்சிட்டிருந்தால் நான் உரிமையாளர் பக்கம் நின்றிருப்பேன்.

மலர்க்குழு இருமுறை கூடியது. நம் கவிஞர் ஒருவர், “நாளை என் கவிதையையும் இப்படி எடுப்பீர்களா?” என்றார். எடுப்போம் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவர் கையொப்பமிட்டார். கவிஞர் பெயரும் நூற்பெயரும் தாங்கி, ஆறடியோடும் அக்கட்டுரை அச்சுக்குப் போயிருக்கிறது. உரிமையாளர் மறுப்பு எழுதினால் அடுத்த இதழில் அதையும் முழுமையாக வெளியிடுவோம்.