முகப்பு வாயிலும் பக்க வாயிலும்



அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில் 1927-இல் திறக்கப்பட்டு, பின்னாளில் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி எனப் பெயர் பெற்ற அரசுப் பள்ளிக் கட்டடம், கட்டடக்கலை வரலாறும் குடியுரிமை வரலாறும் பிரிக்க முடியாதபடி பிணைந்து நிற்கும் இடமாகும். ஐந்து கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து வடிவமைத்த இதற்கு அக்காலத்திலேயே சுமார் 15 லட்சம் டாலர் செலவாயிற்று. இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் மேலெழும் நெடுங்கோடுகளைப் பழைய ஆங்கிலக் கல்லூரிகளின் வழியாகப் பெற்று, கல்விக்கூடங்களுக்கே உரிய தோற்றமாக ஆக்கிக்கொண்ட 'காலேஜியேட் கோத்திக்' பாணியில், வெளிர் மஞ்சள் செங்கல்லால் எழுந்த அக்கட்டடம் இரண்டு தெருக்களின் நீளத்துக்குப் பரந்திருக்கிறது. இருபுறமிருந்தும் ஏறிவரும் படிக்கட்டுகள் சேரும் முகப்பு வாயிலின் மேலே இலட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்னும் நான்கு பண்புகளைக் குறிக்கும் சிலைகள் நிற்கின்றன. அமெரிக்காவின் மிக அழகிய உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர்களே போற்றியதற்கு இம்முகப்பின் கம்பீரமே போதிய காரணம்.

ஆனால் அந்த 'வாய்ப்பு' வெள்ளையின மாணவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இனத்தின்படி பள்ளிகளைப் பிரித்து வைத்த அம்முறையின் கீழ், கறுப்பின மாணவர்களுக்கென 1929-இல் டன்பார் உயர்நிலைப் பள்ளி எழுந்தது. முதற்கட்டடத்தை வடிவமைத்தவர்களுள் இருவரே அதையும் வடிவமைத்தனர் என்றாலும், அதற்குக் கிடைத்த தொகை சுமார் 4 லட்சம் டாலர்தான், அதிலும் ஒரு பகுதி ரோசன்வால்ட் நிதியம் என்னும் அறக்கட்டளை தந்தது. குறை வரைந்த கைகளில் இல்லை, பணம் ஒதுக்கிய மனங்களில் இருந்தது.

பள்ளிகளில் இனப்பிரிவினை அரசமைப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும், 1957 செப்டம்பர் 4 அன்று சென்ட்ரல் பள்ளிக்கு வந்த கறுப்பின மாணவர்களை ஆளுநர் ஃபாபஸ் நிறுத்திய மாநிலக் காவல்படை தடுத்தது. செப்டம்பர் 23 அன்று அம்மாணவர்கள் ஒன்பது பேரும் பக்க வாயில் வழியாக உள்ளே சென்றனர்; வெளியே திரண்ட கும்பலின் வெறியால் நண்பகலளவில் அவர்களை வெளியேற்ற நேர்ந்தது. குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அனுப்பிய 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவின் வீரர்கள் சூழ்ந்துவர, 25 அன்றுதான் அவர்கள் முகப்புப் படிகளில் ஏறினர். அழகிய அந்தப் படிக்கட்டு தன் பயனை முழுமையாக அடைந்த நாள், திறப்பு விழா நாளல்ல, அதுவே.

ஒன்பதின்மருள் இறுதி வகுப்பில் படித்த ஒரே மாணவரான எர்னஸ்ட் கிரீன் 1958 மே மாதம், அப்பள்ளியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவரானார். இன்றைய பட்டமளிப்பு விழாவைப் போன்றதே அவருடைய பட்டமளிப்பு விழாவும். பார்வையாளரிடையே மார்ட்டின் லூதர் கிங் அமர்ந்திருந்தார். ஆனால் கிரீனின் பெயர் அழைக்கப்பட்டபோது அரங்கில் மௌனம் நிலவியது. அடுத்த கல்வியாண்டு முழுவதும், ஒருங்கிணைப்பைத் தவிர்ப்பதற்காக, நகரின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன.

1998-இல் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்ட அக்கட்டடத்தில் இன்றும் வகுப்புகள் நடக்கின்றன. இங்கே பட்டம் பெறுவோரில் பழைய கட்டடங்களை அளக்கவும் ஆவணப்படுத்தவும் செல்வோர், சுவரின் உயரத்தோடும் செலவுக் கணக்கோடும் நின்றுவிடாமல், எந்த வாயில் யாருக்கு எந்த ஆண்டில் திறந்தது என்பதையும் அதே பக்கத்தில் பதிவு செய்யுங்கள்.