டிலனாயின் தோளில் நட்சத்திரம்

போன மாசம் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூட நாடக ஒத்திகைக்குப் போயிருந்தேன். குளச்சல் போர்தான் கதை. குளச்சல் நமக்குப் பக்கத்து ஊர்தானே, பிள்ளைகளுக்கு வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

மார்த்தாண்ட வர்மா முன்னால் டிலனாய் மண்டியிடுகிற காட்சி. டிலனாயாக நடித்த பையனுக்கு வாடகைக்கு எடுத்த நீலக் கோட்டு. தோளில் தங்கக் குஞ்சம், அதன்மேல் மூன்று நட்சத்திரம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

போர் நடந்தது 1741. தோள் குஞ்சத்தைப் பதவி அடையாளமாக பிரெஞ்சுப் படை ஆணையிட்டு வைத்ததே 1759இல்தான். ஆங்கிலேயப் படையில் 1768. குஞ்சத்தின் மேல் கிரீடமும் நட்சத்திரமும் ஏறியது 1810இல். அதற்குள் டிலனாய் இறந்தே முப்பது வருஷம் தாண்டியாச்சு!

டீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன். "நட்சத்திரத்தை எடுத்துட்டா இவரு ஆபீசர்னு யாருக்குத் தெரியும் சார்?" என்றார். ஒரு பிள்ளையும் எழுந்து, "அப்போ சண்டையில எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

அந்தக் காலத்து ஐரோப்பிய அதிகாரிகளைத் தோளில் தேடக்கூடாது. கழுத்துக்குக் கீழே பிறை வடிவில் ஒரு உலோகத் தகடு தொங்கும். பழைய இரும்புக் கவசத்தில் மிஞ்சிய துண்டு அது. இடுப்பிலோ தோளின் குறுக்கேயோ பட்டுக் கச்சை. துணி உசத்தி, கையில் வாள். கேப்டனா, அவருக்கு மேலா என்பதைத் தூரத்திலிருந்து துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரே படைக்காரர்களுக்கு முகம் தெரியும், அது போதும்.

இன்னொன்று. நாடக நோட்டில் 'அட்மிரல் டிலனாய்' என்று எழுதியிருந்தார்கள். அவர் அட்மிரலே இல்லை. பெரிய பதவி கிடைத்ததெல்லாம் தோற்றபிறகு, இங்கேதான். திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. மண்டியிடும்போதே அவருக்கு மூன்று நட்சத்திரம் குத்திவிட்டால், இந்த மண் கொடுத்த பதவியை அவர் கொண்டுவந்ததாக ஆக்கிவிடுகிறோம்.

டீச்சர் ஒத்துக்கொண்டார். வாடகைக் கோட்டு என்பதால் பிய்க்கப் பயம், நூலை மட்டும் பிரித்தார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் பிறை வெட்டலாமா என்று ஒருத்தன் கேட்டான். வேண்டாம்டே, அட்டையில் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டு என்றேன்.