கட்டளைக்கும் வேலியா?

கம்ப்யூட்டர் இன்று ஆலை ஆபீசிலும் பாங்கியிலும் ரேஷன் கடையிலும் புகுந்துவிட்டது. அதன் மூளை பிராசசர். அதைச் செய்யும் உரிமை யார் கையில் இருக்கிறது? இதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஜக்கார்டு தறியை உங்களில் பலர் அறிவீர்கள். அட்டையிலுள்ள துளைகளின்படி நூல் எழும்புகிறது, பூ விழுகிறது. பிராசசரும் அப்படித்தான். கூட்டு, கழி, எடு, வை என்று எழுதிய கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றுகிறது. ஒரு வகைப் பிராசசருக்கு எழுதிய புரோகிராம் வேறு வகையில் ஓடாது. ஓட வேண்டுமானால், ஒன்று, அதே கட்டளைகளை ஏற்கும் பிராசசரைப் புதிதாகக் கட்ட வேண்டும்; அல்லது இருக்கும் பிராசசரை ஒரு புரோகிராம் மூலம் மற்றதைப் போல நடிக்க வைக்க வேண்டும். இந்த நடிப்புக்குத்தான் எமுலேஷன் என்று பெயர்.

இதில் பேடண்ட் எங்கே குறுக்கிடுகிறது? கட்டளையை நிறைவேற்றும் முறைக்குப் பேடண்ட் வாங்கிவிட்டால், மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வேறு யாரும் லைசென்ஸ் இல்லாமல் அம்முறையைக் கையாளக் கூடாது.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். மிப்ஸ் கம்பெனி 1986-ல் ஒரு முறைக்கு மனுச் செய்து பேடண்ட் பெற்றது. ஓர் எண்ணின் பாதி ஒரு பெட்டியிலும் மறுபாதி அடுத்த பெட்டியிலும் கிடந்தால், இரண்டு துண்டுகளையும் எடுத்து ஒட்டும் முறை அது. பின்னர் லெக்ஸ்ரா என்ற சிறு கம்பெனி, மிப்ஸ் கட்டளைகளை ஏற்கும் பிராசசரைத் தன் சொந்த உழைப்பில் வடிவமைத்தது. பேடண்டுக்கு உட்பட்ட கட்டளைகளை மட்டும் விட்டுவிட்டது. அந்தக் கட்டளை வந்தால் பிராசசர் நின்றுவிடும். ஒரு சிறு புரோகிராம் சாதாரணக் கட்டளைகளைக் கொண்டு அந்த வேலையை முடிக்கும். கொக்கி இல்லாத தறியில் நெசவாளி கையால் நூலைத் தூக்குவதுபோல!

மிப்ஸ் விடவில்லை. கையால் தூக்குவதும் எங்கள் பேடண்டை மீறுவதே என்று 1999-ல் வழக்குத் தொடுத்தது. சாதாரணக் கட்டளைகளைக் கொண்டு எந்தப் பிராசசரும் செய்யக்கூடிய வேலை அது! நியாயம் எது என்று தீர்ப்பு வருமுன்பே, 2001-ல் சமரசம் ஏற்பட்டது. லெக்ஸ்ரா பிராசசர் வடிவம் விற்கும் தொழிலையே விட்டது. பேடண்ட் 2006-ல் காலாவதியாயிற்று. வேலி விழுந்தபோது உழ வந்தவன் அங்கே இல்லை.

2017-ல் இன்டெல் கம்பெனியும் இதே எச்சரிக்கையை விடுத்தது. தன் கட்டளைகளை அனுமதியின்றி எமுலேஷன் செய்வதைப் பொறுக்க மாட்டோம் என்றது. 1978-ல் வந்த அதன் பழைய கட்டளைகளுக்குப் பேடண்ட் காலம் முடிந்துவிட்டது. ஆனால் புதிய கட்டளைகளைச் சேர்த்துச் சேர்த்து, புதிய வேலி போடப்படுகிறது.

கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் கண்டுபிடித்த இஞ்சினீயரும் சம்பளத்துக்கு உழைப்பவர். பேடண்டோ கம்பெனியின் பெட்டியில் இருக்கிறது!

மாற்று வழி உண்டா? உண்டு. 2010-ல் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைப் பட்டியல் தொடங்கப்பட்டது. அதைக் கையாள எவரும் கட்டணம் செலுத்த வேண்டாம். நமது சென்னை ஐ.ஐ.டி. அதைக் கொண்டே சக்தி என்னும் பிராசசரை ஆக்கியிருக்கிறது. பட்டியல் பொதுவானாலும், கட்டும் முறைக்குப் பேடண்ட் வாங்குவதை அது தடுக்காது. ஆகவே விழிப்பு வேண்டும்.

தோழர்களே! பொதுப் பணத்தில் வாங்கும் கம்ப்யூட்டர் பொதுவான கட்டளையில் ஓடட்டும் என்று கேளுங்கள். இயந்திரத்துடன் பேசும் மொழிக்கு யாரும் குத்தகைக்காரர் ஆகக் கூடாது.